பத்து இடம் வேண்டாம், மூன்று போதும்!



பள்ளியிலிருந்தோ வீட்டிலிருந்தோ சுற்றுலா என்றால் உங்களுக்குக் கொண்டாட்டம்தான். புதுச் சட்டை, ஜன்னல் ஓர இருக்கை, பை நிறைய தின்பண்டம்! ஆனால், ஒரு கேள்வி கேட்கிறேன். எங்கே போவது, எதைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது என்று முடிவு செய்யும்போது உங்களில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டார்கள். பெரியவர்கள் பட்டியல் போடுவார்கள். நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஏறுவீர்கள். மூட்டை முடிச்சுகளோடு நீங்களும் ஒரு மூட்டை!

கிராமப் பள்ளிகளில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன் நான். எத்தனையோ சுற்றுலாப் பேருந்துகளில் பிள்ளைகளோடு போய் வந்திருக்கிறேன். ஊர் திரும்பிய மறுநாள் வகுப்பில், 'என்ன பார்த்தீர்கள்?' என்று கேட்டால், 'கோயில் பார்த்தோம் சார், பெரிசா இருந்தது சார்' என்பார்கள். எந்தக் கோயில் என்று கேட்டால் திருதிரு என்று விழிப்பார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. ஒரே நாளில் பத்துக் கோயிலைக் காட்டினால் எந்தப் பிள்ளைக்குத்தான் நினைவிருக்கும்?

அதனால் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் பயணத்துக்கு மூன்று இடம் போதும். அந்த மூன்று எவை என்பதை, பெரியவர்களின் துணையோடு, பிள்ளைகளாகிய நீங்களே திட்டமிட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்!

வில்லியனூரிலிருந்து காஞ்சிபுரம் போவதாக வைத்துக் கொள்வோம். திண்டிவனம், வந்தவாசி வழியாகச் சுமார் 115 கிலோமீட்டர். பாகூர்ப் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். அதிகாலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்கு வீடு திரும்பினால் மொத்தம் 16 மணி நேரம். போக வர 7 மணி நேரம் கழியுங்கள். சாப்பாடு, கை கால் கழுவுதல், கழிப்பறை இவற்றுக்கு 2 மணி நேரம். மீதி 7 மணி நேரம், அதாவது 420 நிமிடம்.

பத்து இடம் என்றால் ஓர் இடத்துக்கு 42 நிமிடம். அதில் பேருந்திலிருந்து இறங்கவும், செருப்பைக் கழற்றவும், மறுபடி ஏறவும், தலைகளை எண்ணவும் 20 நிமிடம் போய்விடும். பார்க்கக் கிடைப்பது வெறும் 22 நிமிடம்! மூன்று இடம் என்றால்? 140 நிமிடத்தில் 20 போக, முழுதாக 2 மணி நேரம் உங்கள் கையில்.

'பணம் செலவழித்துப் போகிறோம். பத்து இடம் பார்த்தால்தானே லாபம்?' என்று வீட்டில் கேட்பார்கள். இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பத்து இட்லியைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழுவதைவிட, மூன்று இட்லியை ருசித்துச் சாப்பிடுவதுதான் வயிற்றுக்கும் லாபம், காசுக்கும் லாபம்.

பழந்தமிழரின் பயணக் குறிப்பு

காஞ்சிபுரத்தை நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்த ஊருக்குப் போகும் வழியையும், வழியில் கிடைக்கும் சாப்பாட்டையும் சங்க காலத்திலேயே ஒரு புலவர் எழுதி வைத்திருக்கிறார்! அவர் பெயர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். நூலின் பெயர் பெரும்பாணாற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்று, 500 அடிகள் கொண்டது.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு பாணர், வறுமையில் வாடும் இன்னொரு பாணரைச் சந்திக்கிறார். 'நீயும் அங்கே போ' என்று வழி சொல்கிறார். ஆற்றுப்படுத்துதல் என்றால் வழி காட்டுதல்.

எப்படி வழி சொல்கிறார் தெரியுமா? ஆயர் வீட்டில் தினைச் சோறும் பாலும் தருவார்கள். முல்லை நிலத்தில் வரகுச் சோறும் அவரைப் பருப்பும் கிடைக்கும். உழவர் வீட்டில் வெண்சோறும் கோழிக் கறியும். ஆலையில் கரும்புச் சாறு. தோப்பில் பலாவும் இளநீரும். மிளகு மூட்டை சுமந்து போகும் கழுதைகளையும், சாலையில் சுங்கம் வாங்குவதையும், கடற்கரைக் கலங்கரை விளக்கத்தையும் கூட அவர் விடவில்லை.

பார்த்தீர்களா! எந்த ஊரில் யார் இருப்பார்கள், என்ன சாப்பிடுவார்கள், எதைப் பார்க்கலாம் எல்லாம் அதில் இருக்கிறது. போய் வந்தவர், போகப் போகிறவருக்குச் சொன்ன திட்டம் அது. நீங்கள் போட வேண்டிய திட்டமும் இப்படித்தான் இருக்க வேண்டும்.

முதலில் சொந்த ஊர்

காஞ்சிக்குப் போகும் முன், நம் ஊருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று தேடுங்கள். தொடர்பு இல்லாமல் இல்லை.

பாகூரில் செப்பேடுகள் கிடைத்திருக்கின்றன. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தவை. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. வடமொழியிலும் தமிழிலும் எழுதப்பட்டவை. அவற்றில் என்ன இருக்கிறது? வாகூர் என்று அப்போது அழைக்கப்பட்ட பாகூரில் ஒரு கல்விச்சாலை இருந்தது. அந்தக் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களின் வருவாய் கொடையாக வழங்கப்பட்டது என்ற செய்திதான்!

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே படிப்புக்குப் பெயர் வாங்கிய ஊர் பாகூர். அந்தக் கொடைக்கு ஆணை தந்த அரசனின் தலைநகரம் காஞ்சி. ஆகவே, 'நாங்கள் கிராமத்துப் பிள்ளைகள், பெரிய நகரத்தைப் பார்க்கப் போகிறோம்' என்று தயங்கிக்கொண்டு போகாதீர்கள். பழைய உறவுக்காரர் வீட்டுக்குப் போவது போலத் தலை நிமிர்ந்து போங்கள். போவதற்கு முந்தைய வாரம் பாகூர் மூலநாதர் கோயில் சிற்பங்களையும், வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயிலையும் ஒருமுறை நின்று பார்த்துவிட்டுப் போங்கள். கண்ணுக்குப் பழக்கம் வரும்.

வழியில் வருகிற ஊர்களையும் குறித்துக் கொள்ளுங்கள். வந்தவாசியைத் தாண்டும்போது தூங்கிவிடாதீர்கள்! 1760ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள், ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் அங்கேதான் பெரிய போர் நடந்தது. பிரெஞ்சுப் படை தோற்றது. மறு ஆண்டே புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது. நம் ஊரின் தலையெழுத்தை மாற்றிய இடத்தை ஜன்னல் வழியாகவாவது பார்க்க வேண்டாமா?

என் பட்டியல் இதோ

காஞ்சிபுரத்தில் எந்த மூன்று இடம்? மாதிரிக்கு என் பட்டியலைத் தருகிறேன். நீங்கள் வேறு பட்டியல் போட்டால் இன்னும் மகிழ்வேன்.

முதலாவது, கைலாசநாதர் கோயில். ராஜசிம்மன் என்ற பல்லவ மன்னன் சுமார் 1300 ஆண்டுகளுக்கு முன் மணற்கல்லால் கட்டியது. சுற்றுச்சுவரை ஒட்டி 58 சிறிய சன்னதிகள் உள்ளன. எண்ணிப் பாருங்கள், சரியாக வருகிறதா என்று! சிலவற்றில் பழைய ஓவியங்களின் மிச்சங்கள் இன்னும் தெரியும்.

அங்கே இன்னொன்றையும் தேடுங்கள். கன்னட மொழியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. காஞ்சியில் ஏன் கன்னடம்? இரண்டாம் விக்கிரமாதித்தன் என்ற சாளுக்கிய மன்னன் படையெடுத்து வந்து காஞ்சியைப் பிடித்தான். அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன் பல்லவர்கள் அவனுடைய முன்னோரின் தலைநகரான வாதாபியைப் பிடித்திருந்தார்கள். பழி வாங்க வந்தவன் என்ன செய்திருப்பான்? கோயிலை இடித்திருப்பான் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. கோயில் செல்வத்தைப் பார்த்தான். எடுத்துக் கொள்ளாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைத்தான் அந்தக் கல்வெட்டு சொல்கிறது. 22 நிமிடத்தில் ஓடுகிறவர்கள் கண்ணில் இது படுமா?

இரண்டாவது, வைகுண்டப் பெருமாள் கோயில். சிங்கத் தூண்கள் வரிசையாக நிற்கும் திருச்சுற்றின் சுவர்களில் பல்லவர் வரலாறே படக்கதை போலச் செதுக்கப்பட்டிருக்கிறது. அதில் உங்கள் வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான்!

பல்லவ மன்னன் ஒருவன் வாரிசு இல்லாமல் இறந்து போனான். நாட்டின் பெரியவர்கள், பல்லவர் வழியில் வந்த இரணியவர்மன் என்பவரைத் தேடிப் போனார்கள். அவருக்கு நான்கு மகன்கள். 'யார் வந்து நாட்டை ஆள்கிறீர்கள்?' என்று கேட்டார்கள். மூத்தவர்கள் மூவரும் மறுத்துவிட்டார்கள். நான்காவது மகன், 'நான் போகிறேன்' என்றான். அவனுக்கு வயது 12. தந்தை தயங்கினார். ஆனால், பையன் கிளம்பிவிட்டான். அவன்தான் இரண்டாம் நந்திவர்மன். 60 ஆண்டுகளுக்கும் மேல் ஆண்டான். இந்தக் கோயிலைக் கட்டியதும் அவனே.

'பிள்ளைகளுக்குத் திட்டம் போடத் தெரியுமா?' என்று கேட்கும் பெரியவர்களிடம் இந்தச் சிற்பத்தைக் காட்டுங்கள். 12 வயதில் ஒருவன் நாட்டையே ஏற்றுக்கொண்டான். நாங்கள் ஒரு நாள் பயணத்தைத்தானே கேட்கிறோம் என்று சொல்லுங்கள்!

மூன்றாவது, ஒரு நெசவாளர் வீட்டுத் தறி. கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும். மாலை 4 மணி வாக்கில்தான் திறக்கும். இது தெரியாமல் போய் வாசலில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே, இரண்டு கோயில்களையும் காலையிலேயே முடித்துவிட்டு, மதியத்துக்குப் பிறகு பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிக்குப் போகலாம். தெரிந்தவர்கள் மூலம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட வேண்டும். அது அவர்கள் வீடு, கண்காட்சி இல்லை.

காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை. புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் மூன்று நாடாக்கள் கொண்டு நெய்து, பிரிக்க முடியாதபடி கோர்த்துவிடுவார்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு காலத்தில் அந்த இரண்டாவது ஆளாக உங்கள் வயதுப் பிள்ளைகளே உட்கார்ந்தார்கள். பள்ளிக்குப் போகாமல் நாடா தள்ளினார்கள். அவர்களைத் தறியிலிருந்து மீட்டுப் பள்ளிக்கு அனுப்பப் பலர் பாடுபட்டார்கள். அந்தத் தறியின் முன்னால் நிற்கும்போது இதையும் நினைத்துக் கொள்ளுங்கள். 'ஒரு புடவைக்கு எத்தனை நாள் ஆகும் ஐயா? உங்களுக்குக் கூலி எவ்வளவு கிடைக்கும் அம்மா?' என்று மரியாதையாகக் கேளுங்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம் கிடைக்கும்.

ஏகாம்பரநாதர் கோயில், காமாட்சி அம்மன் கோயில், வரதராஜப் பெருமாள் கோயில், 1909இல் அந்த ஊரில் பிறந்த அறிஞர் அண்ணாவின் நினைவு இல்லம் எல்லாம் விட்டுப்போகிறதே என்று வருந்த வேண்டாம். காஞ்சி எங்கேயும் ஓடிவிடாது. வரதராஜர் கோயில் குளத்திலிருந்து அத்திவரதர் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வெளியே வருகிறார். 1979க்குப் பிறகு 2019இல் வந்தார், அடுத்தது 2059. அதற்கே மக்கள் காத்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு மறுபடி போக நம்மால் காத்திருக்க முடியாதா?

என்ன சாப்பிடலாம்?

இதற்காகத்தானே காத்திருந்தீர்கள்! சுற்றுலாப் பேருந்தில் குப்பை எதனால் நிறைகிறது தெரியுமா? சிப்ஸ் பாக்கெட்டுகளால்! வில்லியனூர்ப் பெட்டிக்கடையில் கிடைக்கும் அதே பாக்கெட்டை வாங்கித் தின்ன 115 கிலோமீட்டர் போக வேண்டுமா? அந்த ஊர்ச் சாப்பாடு ஒன்றையாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

காஞ்சிபுரம் என்றால் கோயில் இட்லி. குடலை இட்லி என்றும் சொல்வார்கள். அரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய நீளமான மூங்கில் குடலையில் ஊற்றி, வெகுநேரம் ஆவியில் வேக வைப்பார்கள். வரதராஜர் கோயிலில் இது பிரசாதம். உணவு விடுதிகளிலும் கிடைக்கும்.

அதைக் கடிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். காரம் இருக்கும், ஆனால், அது மிளகாயின் காரம் அல்ல, மிளகின் காரம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுக்கீசியர் வழியாகச் சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்புதான் நம் நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் நம் அடுப்படியில் காரம் என்றால் மிளகுதான். பெரும்பாணாற்றுப்படையில் கழுதைகள் சுமந்து போனதும் அதே மிளகுதானே! ஒரு வாய் இட்லியில் இவ்வளவு வரலாறு!

சூடாகச் சமைத்ததை, கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். திரும்பி வரும்போது பசிக்கு வாழைப்பழமும் வேர்க்கடலையும் போதும்.

திட்டத் தாளில் எழுத வேண்டியவை

ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்கள், அல்லது வகுப்பில் நான்கைந்து பேர், சுற்றி உட்காருங்கள்.

முதலில் ஆளுக்கொரு கேள்வி எழுதுங்கள். 'தறியில் எத்தனை நூல் இருக்கும்?', 'அந்தக் கன்னடக் கல்வெட்டு எங்கே இருக்கிறது?' என்பது போல. கேள்வியோடு போகிறவருக்குத்தான் விடை கிடைக்கும்.

அடுத்தது நேரம். நடை திறப்பது, சாத்துவது, விடுமுறை நாள் எல்லாவற்றையும் விசாரித்து எழுதுங்கள்.

அடுத்தது பணம். வண்டிச் செலவு, சாப்பாட்டுச் செலவு எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். வகுப்பில் எத்தனை பேரால் அதைக் கொடுக்க முடியும் என்றும் யோசியுங்கள். நூறு ரூபாய் குறைத்தால் இன்னும் நான்கு பேர் வர முடியும் என்றால், எதைக் குறைக்கலாம்? பணம் இல்லாததால் ஒரு தோழன் ஊரிலேயே நின்றுவிட்டால், அந்தத் திட்டம் சரியில்லை என்றுதான் நான் சொல்வேன்.

அடுத்தது, உடன் வருகிறவர்கள். முழங்கால் வலிக்கும் பாட்டி வருகிறாரா? அவர் காமாட்சி அம்மனைப் பார்க்க ஆசைப்பட்டால், உங்கள் மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுங்கள். நான்காவதாகச் சேர்க்காதீர்கள்! வகுப்பில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். சில கோயில்களில் உள்ளே எல்லோரும் போக முடியாது. ஆகவே, எல்லோரும் சேர்ந்து நின்று பார்க்கும்படியான இடம்தானா என்று முன்பே விசாரியுங்கள். கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதையும் கேட்டு எழுதுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கழிப்பறைக்குப் பயந்து நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அது உடம்புக்குக் கெடுதல்.

எழுதி முடித்ததும் தாளைப் பெரியவர்களிடம் நீட்டுங்கள். அடம் பிடிக்க வேண்டாம். 'இது சரிவருமா, பாருங்கள்' என்று கேளுங்கள். அவர்கள் இரண்டு திருத்தம் சொல்வார்கள், ஏற்றுக் கொள்ளுங்கள். நன்றாக யோசித்து எழுதிய தாளைக் கிழித்துப் போடும் அப்பா, அம்மா, ஆசிரியர் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஒரு நாளைத் திட்டமிடக் கற்றுக்கொண்ட பிள்ளை, நாளைக்குத் தன் படிப்பையும் சம்பளத்தையும் வாழ்க்கையையும் திட்டமிடும். அதற்கு இதைவிடச் சுவையான பயிற்சி உண்டா?

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். பயப்படாதீர்கள், சின்னதுதான்! போய்விட்டு வந்ததும், அடுத்த ஆண்டு போகப் போகிற வகுப்புக்காக இரண்டு பக்கம் எழுதி வையுங்கள். எந்த வழியில் போக வேண்டும், எங்கே இட்லி நன்றாக இருந்தது, எந்தச் சிற்பத்தின் முன்னால் அதிக நேரம் நிற்கலாம், எந்தத் தறிக்காரர் அன்பாகப் பேசினார், எங்கே ஏமாந்தோம் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். பரிசு பெற்ற பாணர், எதிரே வந்த பாணருக்கு வழி சொன்னாரே, அதே வேலைதான். அவருக்கு 500 அடி தேவைப்பட்டது. உங்களுக்கு இரண்டு பக்கம் போதும்.

என்ன, தாளும் பேனாவும் எடுத்துவிட்டீர்களா?